பள்ளி வன்முறை: பதிவேட்டை நம்புவதா, பிள்ளைகளைக் கேட்பதா?

பெற்றோர் குழுக்களிலும் ஆசிரியர் சங்கங்களிலும் இருப்பவர்கள் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் அடிதடி, மிரட்டல், சீண்டல் பற்றி அரசு கருத்துக் கேட்டால் என்ன எழுதிக் கொடுப்பது? "எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி, பள்ளிவாரியாக வெளியிடச் சொல்வோம்" என்கிறது ஒரு தரப்பு. "பள்ளி எழுதுவதை யார் நம்புவது? பிள்ளைகளிடமே கேட்கச் சொல்வோம்" என்கிறது இன்னொரு தரப்பு. அடித்த பிள்ளையை என்ன செய்வது என்பதில் தகராறு இன்னும் பெரிது. உடனே வெளியே அனுப்பச் சொல்கிறார்கள் பாதிப் பேர். உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள் மீதிப் பேர்.

நான் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவள். சம்பவப் பதிவேடு என் கையில் இருந்த காலமும் உண்டு. ஒரு நாள் மதியம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைப் பை கிழிந்து தொங்க, கீழுதடு வீங்கி, வாசலில் வந்து நின்றான். மூன்று பேர் சேர்ந்து அடித்திருந்தார்கள். "திடலில் கால் இடறி விழுந்தான், முதலுதவி செய்யப்பட்டது" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்த மாதம் எங்கள் பள்ளியின் வன்முறைக் கணக்கு பூஜ்யம். அவன் பெயர் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அவன் வாங்கிய அடி மட்டும் அதில் இருக்காது.

எண்ணுவது வேறு, எண்ணியபின் செய்வது வேறு என்று பலரும் பிரித்துப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. எண்ணை மேலே அனுப்பினால் தன் தலையில் என்ன விழும் என்று தெரிந்துகொண்டுதான் எந்தப் பள்ளியும் எண்ணுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

1. நடந்ததைச் சொல்பவருக்கு அதனால் நட்டம் வருமா? சொல்பவர் பிள்ளையாகவும் இருக்கலாம், தலைமை ஆசிரியராகவும் இருக்கலாம்.
2. வருகிற எண் நடப்பதை ஒட்டி இருக்கிறதா, படிவத்தை ஒட்டி இருக்கிறதா?
3. அடிபட்ட பிள்ளைக்கு எத்தனை நாளில் நிம்மதி?
4. தண்டனை உண்மையில் யார் மேல் போய் விழுகிறது?
5. பணச் செலவு என்ன, ஆசிரியரின் நேரச் செலவு என்ன? இரண்டாவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

முதல் கேள்விக்கு விடை சரியில்லை என்றால் மற்ற நான்கையும் பார்த்துப் பயனில்லை.

## எண்ணும் வழி ஒன்று: பள்ளியே எழுதி அனுப்புவது

மலிவானது, எல்லாப் பள்ளியையும் தொடுவது, எந்தப் பிள்ளை எந்த நாள் என்று சொல்லக்கூடியது. உலகம் முழுக்க அரசுகள் முதலில் இதைத்தான் பிடிக்கின்றன. சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டம், 'தொடர்ந்து ஆபத்தான பள்ளி' எவை என்று ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும் என்றது. அப்படிப் பெயர் வாங்கிய பள்ளியிலிருந்து பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் எது ஆபத்து என்று வரையறுக்கும் வேலையையும் மாநிலங்களிடமே விட்டார்கள். முதல் ஆண்டில் நாட்டின் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் அந்தப் பட்டியலில் வந்தவை ஐம்பதை ஒட்டித்தான். மிகப் பெரும்பாலான மாநிலங்கள் எங்களிடம் ஒன்றுகூட இல்லை என்றன. அவ்வளவு பெரிய நாட்டில் அது நடக்கக்கூடிய காரியமா? பேர் கெட்டுப்போகும் என்றால் எவரும் உள்ளதை எழுத மாட்டார்கள்.

பிரான்சில் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 2001இலிருந்து 'சிக்னா' என்ற மென்பொருளில் பள்ளிகள் சம்பவங்களைப் பதிந்துவந்தன. 2006இல் ஒரு வார இதழ் அந்தத் தரவை எடுத்து, வன்முறை மிகுந்த பள்ளிகள் என்று தரவரிசை போட்டது. ஒளிக்காமல் எழுதிய தலைமை ஆசிரியர்களின் பள்ளிதான் பட்டியலில் முதலில் நின்றது. அவர்கள் பதிவதையே நிறுத்தினார்கள், அமைப்பு படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 'சிவிஸ்' எல்லாப் பள்ளிகளையும் கேட்பதில்லை. மாதிரியாகத் தேர்ந்த பள்ளிகளிடம் மட்டும் கேட்டு, நாட்டு நிலவரத்தைச் சொல்கிறது. தனிப்பள்ளியின் பெயர் வெளியே வராது.

ஒளிப்பது மட்டும்தான் சிக்கல் என்று நினைக்காதீர்கள். தவறுதலாகக் கூடுவதும் உண்டு. 2015-16 கல்வியாண்டில் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்ததா என்று அமெரிக்கக் கல்வித் துறை எல்லா அரசுப் பள்ளிகளையும் கேட்டது. ஏறக்குறைய 240 பள்ளிகள் 'ஆம்' என்றன. நேஷனல் பப்ளிக் ரேடியோ செய்தியாளர்கள் அந்தப் பள்ளிகளைத் தொடர்புகொண்டு கேட்டபோது, உறுதியானவை வெறும் 11. கிளீவ்லாந்து நகரக் கல்வி வட்டாரத்தின் பேரில் 37 என்று இருந்தது. மாணவரிடம் கத்தியோ துப்பாக்கியோ பிடிபட்ட சம்பவங்களின் எண்ணிக்கை அது. படிவத்தில் ஒரு வரி தள்ளி ஏறியிருந்தது. இரவு ஏழு மணிக்கு நாற்பது கட்டமுள்ள படிவத்தை நிரப்பும் எழுத்தரை நான் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதே வழியை நிமிர்த்திக் காட்டிய நாடும் உண்டு. ஜப்பானில் 1985 முதல், பள்ளியில் சக மாணவர்கள் இழைக்கும் கொடுமைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2005இல் எண்ணிக்கை 20,143. அடுத்த ஆண்டு 1,24,898. ஒரே ஆண்டில் பிள்ளைகள் ஆறு மடங்கு கெட்டுப்போகவில்லை. 'தொடர்ந்து நடக்க வேண்டும்', 'கடுமையாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனைகளை வரையறையிலிருந்து எடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நின்று பார்க்கச் சொன்னார்கள். 'எத்தனை நடந்தது' என்று கேட்பதை விட்டு, 'எத்தனையைக் கண்டுகொண்டீர்கள்' என்று கேட்கத் தொடங்கினார்கள். அதிகமாகக் கண்டுகொண்ட பள்ளியைக் குறை சொல்லக் கூடாது, கண் திறந்து பார்க்கும் பள்ளி என்றே கொள்ள வேண்டும் என்று அமைச்சகமே சொல்லிவருகிறது. பூஜ்யம் என்று எழுதும் பள்ளிக்குத்தான் வேலை கூடுதல்: எங்கள் கணக்கு பூஜ்யம் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவித்து, விடுபட்டது ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். 2023ஆம் கல்வியாண்டில் எண்ணிக்கை 7,32,568.

என் பதிவேட்டுக்கு மேல் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்தப் பையனின் அம்மா கையில் அந்தப் பூஜ்யம் போயிருக்கும். "என் பிள்ளை உதடு வீங்கி வந்தானே" என்று அவள் கேட்டிருப்பாள்.

மறைந்திருக்கும் செலவு: எண் ஏறுவதை முதல் சில ஆண்டுகள் அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் இந்த வழி பொய்யைத்தான் வளர்க்கும்.

## எண்ணும் வழி இரண்டு: பிள்ளைகளிடமே கேட்பது

பெயர் எழுதாத வினாத்தாள். யுனெஸ்கோ 2019இல் 144 நாடுகளின் தரவை வைத்து, கேட்ட நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை சக மாணவர்களிடம் கொடுமைக்கு ஆளானது என்று சொல்ல முடிந்தது இப்படிக் கேட்டதால்தான். பள்ளிப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து இந்த எண்ணுக்கு எவரும் வந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கா 1989 முதல் 12 முதல் 18 வயது மாணவர்களிடம் தனியாகக் கேட்கிறது. தென் கொரியா 2012 முதல் ஆண்டுக்கு இருமுறை கேட்கிறது.

கேட்கும் சொல்லில் கவனம் வேண்டும். "உன்னை யாராவது கொடுமைப்படுத்தினார்களா?" என்று கேட்டால் ஆண்பிள்ளைகள் பலர் இல்லை என்றுதான் எழுதுவார்கள், ஒத்துக்கொள்வதே அவர்களுக்கு அவமானம். "சென்ற மாதத்தில் யாராவது உன்னை அடித்தார்களா, உன் பொருளைப் பிடுங்கினார்களா, உன்னை விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கினார்களா?" என்று செயலைச் சொல்லிக் கேட்டால் பேனா நகரும்.

குறைகள் மூன்று. வகுப்பாசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தால் ரகசியம் என்பது பேச்சுக்குத்தான். இருபது பேர் படிக்கும் சிறு பள்ளியில் கையெழுத்தை வைத்தே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது: பயந்துபோய்ப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திய பிள்ளை அன்று வகுப்பில் இருக்காது. மிக மோசமாக அடிபட்டவரின் தாள்தான் கட்டில் இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. 2011இல் ஜப்பானின் ஓட்சு நகரில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, பள்ளி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்தது. கண்டதையும் கேட்டதையும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அப்படியும் சில வாரங்களில் விசாரணையை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அது வெளியே வந்து நாடே கொதித்தது. 2013இல் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் ஒருமுறை நம்பி எழுதுவார்கள். பலன் இல்லை என்று கண்டால் அடுத்த முறை வெறும் கோடுதான் போடுவார்கள்.

## எண்ணும் வழி மூன்று: தொலைபேசி உதவி எண்

கொரியாவில் 117, பிரான்சில் 3018. ஒரு பிள்ளைக்கு இன்றிரவே உதவி வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதை நாட்டு நிலவரம் அறியும் கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பு கூடினால் வன்முறை கூடியதா, விளம்பரம் கூடியதா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உதவிக்கு வையுங்கள், கணக்குக்கு வேண்டாம்.

## இனி நடவடிக்கை

நான்கு வழிகளை ஒரு பார்வைக்கு வைக்கிறேன். விவரம் கீழே.

| வழி | சொல்பவருக்கு நட்டம் | எவ்வளவு வேகம் | சுமை யார் மேல் | எதற்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| தானாக விழும் தண்டனை | அதிகம் | மிக வேகம் | அடித்த பிள்ளை | ஆயுதம், உயிருக்கு ஆபத்து |
| குழு விசாரணை, சான்றில் பதிவு | நடுத்தரம் | மெதுவு | இரு குடும்பங்களும் | கடுமையான, சாட்சியுள்ள சம்பவம் |
| உட்காரவைத்துப் பேசுவது | குறைவு | நடுத்தரம் | ஆசிரியர் நேரம் | அன்றாடச் சண்டை, கேலி |
| பெரியவர்கள் மேல் கடமை, வெளியே முறையீடு | மிகக் குறைவு | வேகம் | பள்ளி நிர்வாகம் | தொடரும் கொடுமை |

### தானாக விழும் தண்டனை

அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டப்படி, கூட்டாட்சி அரசின் கல்விப் பணம் வாங்கும் மாநிலம், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டாவது வெளியேற்றும் சட்டம் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கிக்கு அது நியாயம்தான். ஆனால் விதி துப்பாக்கியோடு நிற்கவில்லை. எதிர்த்துப் பேசினால், சீருடை சரியில்லை என்றால் என்று கீழே வரைக்கும் இறங்கியது. டெக்சாஸில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ பெற்றவர்கள். மாநிலச் சட்டம் கட்டாயமாக்கிய குற்றங்களுக்காக எடுத்த நடவடிக்கை மொத்தத்தில் மூன்று விழுக்காடுதான். மீதியெல்லாம் பள்ளியின் சொந்த முடிவு. கறுப்பின மாணவர்கள் மேல் அது கூடுதலாக விழுந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2008இல் சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, இந்த 'சகிப்பே இல்லை' கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானதற்கு ஆதாரம் இல்லை என்றது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. அடித்தவனுக்கு டிசி கிடைக்கும் என்று தெரிந்தால் பார்த்த பிள்ளை வாய் திறக்காது. நண்பனின் படிப்பைக் கெடுத்த பழி தன் மேல் வரும் என்று பயப்படும். வெளியே போன பையன் பகலெல்லாம் எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கும் விதியில் விடை கிடையாது.

### குழு விசாரணையும் சான்றில் பதிவும்

தென் கொரியா இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. 2004இல் சட்டம் வந்தது. எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்பதிலிருந்து வெளியேற்றம் வரை நடவடிக்கைக்கு ஒன்பது படிகள் உண்டு. 2012 முதல் அது மாணவரின் பள்ளி வாழ்க்கைப் பதிவேட்டில் ஏறுகிறது. 2023இல் அரசு அதை இன்னும் இறுக்கியது: கடுமையான நடவடிக்கைகளின் பதிவு இரண்டு ஆண்டுக்குப் பதில் நான்கு ஆண்டு நிற்கும், 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு இது நீதியாகப் படுகிறது. அந்த உணர்வைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பல்கலைக்கழக இடமே போகும் என்றானதும் வழக்கறிஞர்கள் உள்ளே வந்தார்கள். தடை உத்தரவு, மேல்முறையீடு, எதிர்ப்புகார். வழக்கு நடக்கும் மாதங்களில் இரண்டு பிள்ளைகளும் அதே கட்டடத்தில் இருக்கலாம். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வழக்கு நடத்தக் காசு உண்டு, இல்லாத பிள்ளைக்கு உடனே பதிவு ஏறும். "மன்னிப்புக் கேள்" என்று பிள்ளையிடம் சொல்லவே பெற்றோர் பயப்படுகிறார்கள், அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுமே என்று. பள்ளிக்குள் இருந்த விசாரணைக் குழுக்களை 2020இல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மாற்றியது சரியான திருத்தம். சக ஆசிரியரையும் தெரிந்த பெற்றோரையும் வைத்து நடுநிலையாக விசாரிப்பது கடினம்.

### உட்காரவைத்துப் பேசுவது

வட்டமாக உட்கார்ந்து, செய்தவர் செய்ததைச் சொல்லி, பட்டவர் பட்டதைச் சொல்லி, எப்படிச் சரிசெய்வது என்று முடிவெடுப்பது. எனக்கு மனத்தளவில் பிடித்த வழி. அதனாலேயே எண்களைக் கூடுதல் கவனத்தோடு பார்த்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் இரண்டு கல்வியாண்டுகள் நடந்த சோதனையின் முடிவை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்டது. இடைநீக்கத்தால் போகும் பள்ளி நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் கைது எண்ணிக்கை குறையவில்லை. நடுநிலை வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் இறங்கியது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் 40 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவும் அதே ஆண்டு வந்தது: கொடுமை சிறிதளவு குறைந்தது, பொதுவான முரட்டுத்தனத்தில் தெளிவான மாற்றம் இல்லை.

இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பாடவேளை வேண்டும். இரண்டும் இல்லாத பள்ளியில் இது "இருவரும் கை கொடுத்துக்கொள்ளுங்கள்" என்று முடியும். மாதக்கணக்கில் அடிபட்ட பிள்ளையை அடித்தவன் எதிரே உட்காரவைப்பது அதற்கு இன்னொரு அடி. விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

### பெரியவர்கள் மேல் கடமை

நார்வே 2017இல் கேள்வியையே மாற்றியது. அடித்தவனை என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. அடிபட்ட பிள்ளைக்காக என்ன செய்தாய் என்று பள்ளியைக் கேட்கிறது. தான் பாதுகாப்பாக இல்லை என்று பிள்ளை உணர்ந்தால் அதுவே போதும், நிரூபிக்கத் தேவையில்லை. பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கவனிக்கும், தலையிடும், தலைமை ஆசிரியரிடம் சொல்லும் கடமை உண்டு. பள்ளி எழுத்தில் திட்டம் தர வேண்டும்: எந்தச் சிக்கல், என்ன செய்யப் போகிறோம், எப்போது, யார் பொறுப்பு, எப்போது மறுபடி பார்ப்போம். தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால் பெற்றோரோ பிள்ளையோ வட்டார அரசு ஆளுநர் அலுவலகத்துக்குப் போகலாம். பள்ளி நடத்தும் அமைப்பு உத்தரவைச் செய்யாவிட்டால் அபராதம் உண்டு.

இதன் செலவை ஆசிரியர்கள் சுமக்கிறார்கள். திட்டம் எழுதுவதிலேயே மாலை போகிறது என்ற புகார் அங்கே உண்டு. ஆசிரியர் மேலேயே புகார் வந்தால் அவருக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்ற வருத்தமும் நியாயமானதே. ஆள் பற்றாக்குறை உள்ள துறையில் இந்தச் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் நல்ல திட்டத் தாள்கள் கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது.

## எந்த நிலையில் எதை எழுதுவது

உங்கள் அரசிடம் இதுவரை நம்பத்தக்க எண்ணே இல்லை என்றால், முதலில் பிள்ளைகளிடம் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பைக் கேளுங்கள். வினாத்தாளை அந்தப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டாம் என்றும், அன்று வராத பிள்ளைகளை வேறொரு நாளில் தேடிக் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் வருவது பூஜ்யங்கள்தான் என்றால், பதிவேட்டை ஒழிக்கச் சொல்ல வேண்டாம். ஜப்பானிய விதியைக் கேளுங்கள். ஒரு சுற்றறிக்கையோடு முடிகிற வேலை, காசு கிட்டத்தட்டத் தேவையில்லை. பள்ளிவாரியான எண்ணைத் தரவரிசைக்கோ பதவி உயர்வுக்கோ பயன்படுத்தக் கூடாது என்ற வரி அதோடு வர வேண்டும்.

ஆயுதமோ கடுமையான காயமோ வந்த இடத்தில் உடனடி வெளியேற்றத்தை நான் எதிர்க்க மாட்டேன். எந்தச் செயலுக்கு என்ற பட்டியல் சட்டத்திலேயே இருக்கட்டும், பள்ளி அதை நீட்ட முடியாதபடி. வெளியே போகும் பிள்ளைக்குப் படிக்க இன்னொரு இடமும் அதே உத்தரவில் இருக்கட்டும்.

மாதக்கணக்கில் தொடரும் கொடுமைதான் உங்கள் பகுதியின் முக்கியச் சிக்கல் என்றால் நார்வே வழியைக் கேளுங்கள். முழுச் சட்டமும் கிடைக்காது என்று தோன்றினால் ஒரு துண்டையாவது பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம், பள்ளிக்கு வெளியே ஓர் அலுவலகம், கட்டாயமாக எழுத்தில் பதில். உட்காரவைத்துப் பேசுவதை அன்றாடச் சண்டைகளுக்கு வையுங்கள், அதற்கான பாடவேளையை நேர அட்டவணையிலேயே ஒதுக்கச் சொல்லி. சான்றில் ஏற்றும் வழியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினான்கு வயதில் செய்ததைப் பதினெட்டு வயதில் தேடி எடுத்து இடத்தை மறுப்பதால், அன்று அடிபட்ட பிள்ளைக்கு அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு நாள் நிம்மதிகூடக் கிடைத்திருக்காது.

பரிந்துரையை அனுப்புமுன் அதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். "இப்படி இருந்தால் நீ யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். ஒரு பெயரோ ஓர் இடமோ உடனே அதன் வாயில் வரவில்லை என்றால், எந்தப் பத்தியைத் திருத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளையே காட்டிவிடும்.